தொலைந்தது பாஸ்போர்ட்... தொலைத்தது ஒரு நாள்!

சித்தி அனுமதி கொடுத்துவிட்டார். அதனால்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

"எம் பேரைப் போடாதே. ஆனா நான் செஞ்ச தப்பை மட்டும் மறைக்காம எழுது. நாலு பேருக்கு உபயோகமா இருக்கும்" என்பது அவர் போட்ட நிபந்தனை. அப்படியே ஆகட்டும்.

சித்திக்கு 62 வயது. தஞ்சாவூரில் தனியாக இருக்கிறார். சித்தப்பா காலமாகி 6 வருடம் ஆகிறது. சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணத்தில் வாழ்க்கையில் முதல் முறையாக விமானம் ஏறினார். நான், என் கணவர், கல்லூரியில் படிக்கும் என் மகள், சித்தி என்று நாலு பேர். ஐந்து நாள் மலேசியப் பயணம்.

சித்தியின் மகனுக்கு இதில் அவ்வளவாக இஷ்டமில்லை. கோயம்புத்தூரில் இருக்கிறான். "இந்த வயசுல எதுக்கும்மா ஊர் சுத்தல்? ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?" என்று இரண்டு முறை கேட்டிருக்கிறான். சித்தி பதில் சொல்லவில்லை. டிக்கெட் போடச் சொன்னார், அவ்வளவுதான்.

இன்னொரு விஷயமும் உண்டு. நாங்கள் ஞாயிறு இரவு திரும்புவதாகத் திட்டம். அடுத்த வியாழக்கிழமை திருச்சியில் சித்தியின் மகளுக்கு வளைகாப்பு. கல்யாணமாகி 9 வருடம் கழித்து வந்த வளைகாப்பு. அம்மா இல்லாமல் அது நடக்குமா?

வெள்ளிக்கிழமை நடந்தது

வெள்ளிக்கிழமை காலை பத்துமலை. 42.7 மீட்டர் உயர முருகன் சிலை வெயிலில் தகதகவென்று நிற்க, பக்கத்தில் 272 படிகள். சித்தி ஒரு படிக்கட்டில்கூட உட்காரவில்லை. மேலே போய் நின்று, "பழநியே ஏறினவடி நான்" என்றார்.

அங்கிருந்து மஸ்ஜித் இந்தியா பகுதிக்கு வந்தோம். துணிக்கடைகளும் நகைக்கடைகளும் நிறைந்த இடம். திரும்பிய பக்கமெல்லாம் தமிழ்க் குரல் கேட்கும். ஒரு பணம் மாற்றும் கடையில் சித்தி கொஞ்சம் ரிங்கிட் வாங்கினார். பாஸ்போர்ட் கேட்டார்கள், எடுத்துக் கொடுத்தார். பிறகு மகளுக்கு ஒரு பட்டுத் துணி வாங்கினார். கடைக்காரர் "வளைகாப்புக்கா? இருங்கம்மா, அழகா கட்டித் தர்றேன்" என்று பெட்டியில் வைத்து, பளபளக்கும் காகிதம் சுற்றி, ரிப்பன் கட்டிக் கொடுத்தார்.

அப்போது மணி பதினொன்றரை. சற்று நேரத்தில் சித்தி, "அந்தக் கடையில இன்னொரு துணி பார்த்தேன், போய்ட்டு வந்துடறேன்" என்று என் மகளைக் கூட்டிக்கொண்டு திரும்பிப் போனார். வெறுங்கையோடு வந்தார். மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை. வெயில் என்றார். இரவு ஓட்டல் அறையில் விளக்கைப் போடுவதும் அணைப்பதுமாக இருந்தார். "என்ன சித்தி?" என்றேன். "சுகர் மாத்திரை தேடறேன், நீ தூங்கு" என்றார்.

சனிக்கிழமை காலை 6 மணிக்கு என்னை எழுப்பினார். முகம் வீங்கியிருந்தது.

"ஏண்டி, பாஸ்போர்ட்டைக் காணலைடி. நேத்து மத்தியானத்துலேருந்து காணல."

ஒரு நாளின் விலை

கோபம் வந்தது. பாஸ்போர்ட் போனதற்கில்லை, சொல்லாமல் இருந்ததற்கு. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிப்போனது. "பையன்கிட்ட மட்டும் சொல்லிடாதே. அவன் அப்பவே சொன்னான்" என்பதுதான் அவருடைய அடுத்த வாக்கியம்.

யோசித்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கே சொல்லியிருந்தால், நாலு பேரும் நாலு பையையும் அங்கேயே கொட்டித் தேடியிருப்போம். கிடைக்காவிட்டால் ஒரு மணிக்குள் போலீஸ் புகார். மத்தியானத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் விண்ணப்பம் கொடுக்க வாய்ப்பு இருந்தது. சனி, ஞாயிறு தூதரகத்தின் வழக்கமான வேலைக்கு விடுமுறை. ஞாயிறு இரவு விமானம் கண் முன்னே நழுவிப் போனது.

வெளிநாட்டில் பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் செய்ய வேண்டியது எது என்று யாராவது கேட்டால், போலீஸுக்குப் போவது என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். நான் அதற்கு முன்னால் ஒன்றைச் சேர்ப்பேன்: கூட வந்தவரிடம் உடனே சொல்லுங்கள். பெரியவர்களும் சரி, முதல் முறை தனியாகப் போகும் பிள்ளைகளும் சரி, திட்டு விழுமே என்று மறைக்கிற ஒவ்வொரு மணி நேரமும் பின்னால் ஒரு நாளாக நம் தலையில் விழும்.

'கடப்பிதழ் தொலைஞ்சிடுச்சா அம்மா?'

பெட்டிகளைத் தேடினோம். கைப்பையின் ஒவ்வொரு ஜிப்பையும் திறந்தோம். இல்லை. ஓட்டலுக்கு அருகில் இருந்த போலீஸ் நிலையத்துக்குப் போனோம்.

அங்கே இருந்த பெண் போலீஸ் தமிழ்ப்பெண். "கடப்பிதழ் தொலைஞ்சிடுச்சா அம்மா? எங்கே?" என்று கேட்டார். சித்தி என்னைப் பார்த்தார். "கடப்பிதழ்னா?" நாம் கடவுச்சீட்டு என்று எழுதுவதை மலேசியத் தமிழர்கள் கடப்பிதழ் என்கிறார்கள். நாம் இமிகிரேஷன் என்பது அவர்களுக்குக் குடிநுழைவுத் துறை. ஊரில் ஆங்கில வார்த்தையையே பழகிவிட்ட எங்களுக்கு அங்கேதான் நல்ல தமிழ் கிடைத்தது!

புகாரை மலாய் மொழியில் பதிவு செய்தார்கள். கையெழுத்துப் போடும் முன், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அந்தப் பெண்ணையே தமிழில் சொல்லச் சொன்னேன். நல்லவேளை. இரண்டு இடங்களில் சிக்கல்.

முதலாவது, பெயர். "அப்பா பேர் என்ன?" என்று கேட்டதும் சித்தி தாத்தாவின் பெயரைச் சொல்லியிருக்கிறார். மலேசிய இந்தியர்களின் பெயரில் 'இன்னாரின் மகள்' என்பதற்கு 'ஏ/பி' என்றும் 'இன்னாரின் மகன்' என்பதற்கு 'ஏ/எல்' என்றும் நடுவில் போட்டு அப்பா பெயரைச் சேர்ப்பது வழக்கம். சித்தியின் பாஸ்போர்ட்டிலோ பின்பெயராக இருப்பது சித்தப்பாவின் பெயர். புகாரில் ஒரு பெயர், தூதரகக் கணினியில் வேறு பெயர் என்றால் அங்கே போய் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும். இனிஷியலா, முழுப்பெயரா, அப்பா பெயரா, கணவர் பெயரா என்று நம்மிடம் இருக்கும் குழப்பம் உலகறிந்தது. பாஸ்போர்ட்டில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ, அப்படியே புகாரிலும் இருக்க வேண்டும்.

ஆனால் பாஸ்போர்ட்டே இல்லையே, எதைப் பார்த்துச் சரிசெய்வது? ஓட்டல் ஞாபகம் வந்தது. அறை கொடுக்கும்போது பாஸ்போர்ட்டை வாங்கி நகல் எடுத்திருந்தார்கள். என் கணவர் ஓடிப்போய் அதை வாங்கி வந்தார். எண், பெயர், பிறந்த தேதி எல்லாம் பளிச்சென்று இருந்தது.

இரண்டாவது சிக்கல், தொலைந்ததா, திருட்டா? சித்தி பயத்தில், "யாரோ எடுத்துட்டாங்கம்மா" என்று சொல்லிவிட்டார். "பார்த்தீங்களா?" என்றார் அந்தப் பெண். இல்லை. "அப்போ தொலைஞ்சதுன்னுதான் எழுதணும். தெரியாததைச் சொல்லக்கூடாதும்மா" என்று பொறுமையாகத் திருத்தினார். இந்த வரி பிறகு எவ்வளவு பெரிய உபகாரமாக இருந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

மகனிடம் இருந்த மீதிப் பக்கம்

தூதரகங்களில் விடுமுறை நாளிலும் அவசரத்துக்குப் பேச ஓர் அதிகாரி இருப்பார். அந்த எண் தூதரகத்தின் இணையதளத்தில் இருக்கும். மலேசியா காமன்வெல்த் நாடு என்பதால் அங்கே தூதரகத்துக்கு ஹைகமிஷன் என்று பெயர். கோலாலம்பூரில் மோண்ட் கியாரா பகுதியில் இருக்கிறது. அழைத்தேன். திங்கட்கிழமை காலை என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று நிதானமாகச் சொன்னார்கள். போலீஸ் புகார், புகைப்படங்கள், திரும்பும் டிக்கெட், தொலைந்த பாஸ்போர்ட்டின் முதல் பக்க நகல், கடைசிப் பக்க நகல்.

கடைசிப் பக்கம்! நம் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில்தான் அப்பா, அம்மா, கணவர் அல்லது மனைவி பெயர், முகவரி, ஃபைல் எண் எல்லாம் இருக்கும். ஓட்டலில் எடுத்தது முதல் பக்கம் மட்டும்தான்.

"ஊர்ல வீட்டு பீரோவுல ஜெராக்ஸ் இருக்கு. ஆனா சாவி எங்கிட்ட" என்றார் சித்தி.

வேறு வழியில்லை. "சித்தி, தம்பிகிட்ட சொல்லித்தான் ஆகணும்" என்றேன். போனை என் கையில் திணித்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். மலேசியா நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அங்கே காலை பத்து மணி, அவனுக்கு ஏழரை. தூக்கத்தில் எடுத்தான். சொன்னேன்.

ஒரு நிமிடம் மௌனம். பிறகு, "அக்கா, அம்மா எங்கே? ஸ்பீக்கர்ல போடுங்க" என்றான்.

போட்டேன்.

"அம்மா, நீ நல்லா இருக்கியா? மாத்திரை போட்டியா? புஸ்தகம்தானே, விடு. மூணு மாசம் முன்னாடி டிக்கெட் போட எனக்கு ரெண்டு பக்கமும் அனுப்பினியே, வாட்ஸ்அப்ல இருக்கும். இரு, பார்த்து அனுப்பறேன்."

நாலு நிமிடத்தில் இரண்டு படமும் வந்து விழுந்தன. யாரிடம் சொல்லக்கூடாது என்று ஓர் இரவு முழுக்கத் தூங்காமல் இருந்தாரோ, அவன் போனில்தான் விடை இருந்தது. சித்தி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்குப் பசிக்குது" என்றார். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு அவர் கேட்ட முதல் சாப்பாடு அது.

ஈ.சி. என்றால் வில்லங்கமா?

ஞாயிறு இரவு என் கணவரும் மகளும் திட்டப்படி கிளம்பினார்கள். வாங்கிய பொருட்களை எல்லாம் அவர்கள் பெட்டியில் ஏற்றி அனுப்பிவிட்டோம். நானும் சித்தியும் ஆளுக்கு ஒரு சின்னப் பையோடு தங்கிவிட்டோம்.

திங்கட்கிழமை தூதரகத்தில், "ஈ.சி. அப்ளை பண்ணுங்க" என்றார்கள். சித்தி என் காதில், "வீட்டுக்கு வில்லங்கச் சான்று எதுக்குடி கேக்கறாங்க?" என்றார். பத்திரப்பதிவு ஆபீஸில் ஈ.சி. என்றால் வில்லங்கச் சான்று. தூதரகத்தில் ஈ.சி. என்றால் எமர்ஜென்சி சர்டிஃபிகேட். சிரிப்பை அடக்க முடியவில்லை.

இந்தச் சான்றைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். 1967-ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டத்திலேயே இதற்கு இடம் இருக்கிறது. இந்தியக் குடிமகன் இந்தியாவுக்குள் நுழைவதற்கு மட்டும் தரப்படுகிற பயணச் சான்று. ஒரே ஒரு பயணம். அதுவும் ஊர் திரும்ப மட்டும். இதை வைத்துக்கொண்டு வழியில் சிங்கப்பூரில் இறங்கி இரண்டு நாள் சுற்றிவிட்டு வரலாம் என்று நினைக்கக்கூடாது. அதனால், முடிந்தவரை நேரடி விமானத்தில் டிக்கெட் போடுவது நல்லது. இன்னொரு நாட்டில் விமானம் மாறும் டிக்கெட் என்றால், இந்தச் சான்றோடு ஏற்றுவார்களா என்று விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் இருப்பதால் எங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

தூதரகம் இதைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிடாது. கேட்பவர் இந்தியர்தானா, சொல்லும் ஆள்தானா என்று பாஸ்போர்ட் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இரண்டு பக்க நகலும் எண்ணும் இருந்தால் அந்த வேலை சுலபம். ஒன்றுமே இல்லாவிட்டால் ஊரில் பாஸ்போர்ட் கொடுத்த அலுவலகத்தைக் கேட்டு உறுதி செய்ய வேண்டியிருக்கும், நாள் இழுக்கும். ஆதார், வாக்காளர் அட்டை, பழைய பாஸ்போர்ட் நகல் எது இருந்தாலும் துணைக்குக் கொண்டுபோங்கள்.

புகைப்பட விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஊரில் எடுத்து பர்ஸில் வைத்திருக்கும் படம் எல்லா இடத்திலும் ஒத்துவராது. அந்தத் தூதரகம் கேட்கும் அளவு என்ன என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

செவ்வாய்க்கிழமை சான்று கைக்கு வந்தது. எங்களுக்கு இரண்டு நாளில் முடிந்தது. எல்லா நாட்டிலும், எல்லாருக்கும் இதே கணக்கு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பலரும் மறக்கும் படி

சான்று கிடைத்ததும் சித்தி, "இன்னிக்கு ராத்திரியே கிளம்பிடலாமா?" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். தூதரகத்தில்தான் சொன்னார்கள், இன்னும் ஒரு படி இருக்கிறது என்று.

நாம் ஒரு நாட்டுக்குள் நுழைந்ததற்கான பதிவு பழைய பாஸ்போர்ட் எண்ணில்தான் இருக்கிறது. புதுச் சான்றில் நுழைவு முத்திரை ஒன்றும் இல்லை. இந்த அம்மா எப்போது வந்தார், எந்த அனுமதியில் வந்தார் என்று விமான நிலைய அதிகாரிக்குத் தெரிய வேண்டுமே? அதனால் வெளியேறும் முன்பு அந்த நாட்டின் குடிநுழைவுத் துறையிடம் அனுமதி வாங்க வேண்டும். மலேசியாவில் அதற்கு ஸ்பெஷல் பாஸ் என்று பெயர். இதைத் தெரியாமல் நேராக விமான நிலையத்துக்குப் போய்த் திரும்பி வந்தால், டிக்கெட் பணமும் போய்விடும்.

புதன்கிழமை காலையிலேயே புத்ராஜெயாவுக்குப் போனோம். கோலாலம்பூருக்குத் தெற்கே இருக்கும் நிர்வாக நகரம். டோக்கன், வரிசை, படிவம், கட்டணம் என்று ஒரு பகல் போயிற்று. போலீஸ் புகார், ஈ.சி., டிக்கெட், பழைய பாஸ்போர்ட் நகல் நான்கையும் ஒரே ஃபைலில் வைத்திருந்தது கைகொடுத்தது. நடுவில் விமான நிறுவனத்துக்கு போன் செய்து, பயணச் சான்றின் புது எண்ணைப் பதியச் சொன்னேன்.

இங்கே இன்னொரு கணக்கும் உண்டு. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் சுற்றுலாவுக்கு விசா இல்லாமல் 30 நாள் வரை மலேசியாவில் தங்கலாம் என்று வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு நாள் நிறைய இருந்தது. உங்களுக்கு அனுமதிக் காலம் முடியப்போகிறது என்றால், பாஸ்போர்ட் தொலைந்த அன்றே அதையும் குடிநுழைவுத் துறையிடம் சொல்லிவிடுவது நல்லது.

புதன் இரவு விமானம். திருச்சியில் இமிகிரேஷன் அதிகாரி சான்றை வாங்கிப் பார்த்து நாலு கேள்வி கேட்டார். சித்தி இப்போது பயப்படவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார். ஈ.சி.யை முன்பே போட்டோ எடுத்து வைத்திருந்தோம். நீங்களும் எடுத்து வையுங்கள், ஊருக்கு வந்து புது பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும்போது அதன் விவரம் தேவைப்படும்.

வளைகாப்பில் விழுந்த புத்தகம்

வியாழக்கிழமை காலை. வளையல் அடுக்கி, சந்தனம் பூசி, கலந்த சாதம் எல்லாம் தயார். சித்தி மலேசியாவில் வாங்கிய பட்டுத் துணிப் பெட்டியை மகளிடம் கொடுத்தார். ரிப்பனை அவிழ்த்து, காகிதத்தைப் பிரித்து, துணியை உதறினாள்.

மடியில் பொத்தென்று விழுந்தது நீலநிறப் புத்தகம். சித்தியின் பாஸ்போர்ட்!

கடையில் பணம் கொடுக்கும்போது துணி மேலேயே வைத்திருக்கிறார். அது மடிப்புக்குள் சரிந்திருக்கிறது. கடைக்காரர் கவனிக்காமல் சேர்த்துக் கட்டிவிட்டார். சனிக்கிழமை எல்லாவற்றையும் தேடிய நாங்கள், அழகாகக் கட்டியிருக்கிறதே என்று அந்தப் பெட்டியை மட்டும் பிரிக்கவில்லை. சித்திக்கு மூன்று நாள் முன்பே அவருடைய பாஸ்போர்ட் என் கணவரின் பெட்டியில் ஊர் வந்து சேர்ந்துவிட்டது!

வீடே சிரித்தது. சித்தி முதலில் அழுதார், பிறகு எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார். நான் மட்டும் அந்தப் பெண் போலீஸை நினைத்துக்கொண்டேன். அன்று திருட்டு என்று எழுதியிருந்தால், யாரோ ஓர் அப்பாவி மேல் பழி போட்டதாக ஆகியிருக்காதா?

"அப்ப இதையே வெச்சுக்கலாமே" என்றார் என் கணவர். கூடாது! தொலைந்ததாகத் தூதரகத்தில் பதிவு செய்த பாஸ்போர்ட் ரத்தானதுதான். பிறகு கிடைத்தாலும், உள்ளே எத்தனை வருடம் பாக்கி இருந்தாலும் அதில் பயணம் செய்ய முடியாது. திருடுபோன, தொலைந்த பயண ஆவணங்களுக்கென்று 2002-லிருந்து இன்டர்போல் ஒரு தரவுத்தளமே வைத்திருக்கிறது. எந்த நாட்டு எல்லையிலும் மாட்டிக்கொள்ளலாம். கிடைத்ததை பாஸ்போர்ட் அலுவலகத்தில் ஒப்படைப்பதுதான் முறை.

வேலைக்குப் போனவர்களுக்கு

எங்களைப் போல் சுற்றுலாவுக்குப் போனவர்களுக்குத்தான் ஈ.சி. சரியான வழி. அங்கேயே வேலை பார்ப்பவர்கள், படிப்பவர்கள் அவசரப்பட்டு ஈ.சி. வாங்கக்கூடாது. அது ஊருக்கு ஒருவழிப் பாதை. அவர்கள் அதே தூதரகத்தில் புது பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்து, அது வந்ததும் வேலை அனுமதியை அதற்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

பாஸ்போர்ட் தொலையவில்லை, முதலாளி வாங்கி வைத்துக்கொண்டு தர மறுக்கிறார் என்றால், தொலைந்தது என்று பொய்ப் புகார் கொடுக்காதீர்கள். பாஸ்போர்ட் எப்போதும் இந்திய அரசின் சொத்து என்று நம் சட்டமே சொல்கிறது. அடுத்தவர் பாஸ்போர்ட்டை உரிமையில்லாமல் வைத்திருப்பது மலேசியச் சட்டப்படியும் குற்றம். உள்ளதை உள்ளபடி தூதரகத்தில் சொல்லுங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்திலும் புகார் பதியலாம். கையில் பணமே இல்லாமல் தவிப்பவர்களுக்குத் தங்குமிடம், விமான டிக்கெட் போன்றவற்றுக்கு உதவ, 2009-லிருந்து இந்தியச் சமூக நல நிதி என்று ஒன்று தூதரகங்களில் இருக்கிறது. தகுதி பார்த்துத் தருவார்கள். கேட்பதில் வெட்கமில்லை.

கிளம்பும் முன் பத்து நிமிடம்

இதைப் படித்து முடித்ததும் செய்யக்கூடிய சின்ன வேலைகள் இவை:

• பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், கடைசிப் பக்கம் இரண்டையும் தெளிவாகப் படமெடுங்கள். ஒன்று உங்கள் மின்னஞ்சலில், ஒன்று ஊரில் நம்பிக்கையான ஒருவரிடம். போனில் மட்டும் வைத்தால், போனும் பாஸ்போர்ட்டும் ஒன்றாகத் தொலையலாம்.

• விசா இருந்தால் அதையும், இறங்கியதும் நுழைவு முத்திரை குத்திய பக்கத்தையும் படமெடுங்கள்.

• போகும் நாட்டின் இந்தியத் தூதரக முகவரி, அவசர எண் இரண்டையும் ஒரு தாளில் எழுதிப் பெரியவர்களின் பர்ஸில் வையுங்கள்.

• கடையில் பாஸ்போர்ட்டை வெளியே எடுத்தால், அது பைக்குள் திரும்பிய பிறகுதான் அடுத்த வேலை.

• தொலைந்தால் வரிசை இதுதான்: கூட இருப்பவரிடம் சொல்வது, எல்லாப் பையையும் கொட்டித் தேடுவது (கட்டிய பார்சல் உட்பட!), போலீஸ் புகார், தூதரகம், குடிநுழைவுத் துறை, கடைசியாக விமான நிலையம்.

• பயணக் காப்பீடு எடுத்திருந்தால், பாஸ்போர்ட் தொலைந்த செலவுக்கும் பல பாலிசிகளில் இடம் உண்டு. போலீஸ் புகாரையும் ரசீதுகளையும் பத்திரப்படுத்துங்கள்.

• ஊர் திரும்பியதும் தொலைந்ததற்குப் பதில் புது பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பியுங்கள். அதற்கான உறுதிமொழிப் பத்திரம், போலீஸ் புகார் நகல் இரண்டும் வேண்டும். 36 பக்கப் புத்தகத்துக்கு 3,000 ரூபாய்; தத்கால் என்றால் அதற்கு மேல். சந்தேகம் இருந்தால் 1800-258-1800 என்ற பாஸ்போர்ட் சேவை எண்ணில் கேட்கலாம்.

சித்தி போன மாதம் தஞ்சாவூர் பாஸ்போர்ட் சேவை மையத்துக்குப் போனார். கிடைத்த பழைய புத்தகத்தையும் கையோடு எடுத்துப்போய், நடந்ததைச் சொல்லி ஒப்படைத்தார். கூடப் போனது யார் தெரியுமா? கோயம்புத்தூரிலிருந்து லீவு போட்டு வந்த மகன்.

"வயசான காலத்துல எதுக்கும்மா உனக்குப் பாஸ்போர்ட்னு கேப்பான்னு நெனச்சேன்டி" என்று போனில் சொன்னார் சித்தி. "அவன் என்ன கேட்டான் தெரியுமா? அறுபது பக்கம் போடலாமா, முப்பத்தாறு போதுமான்னு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அறுபதே போடுடான்னுட்டேன்."